தெற்கு மூலை ஷட்டருக்கு என்ன வேலை

ஐதராபாத்
12 ஜூன் 2025

அன்புள்ள சின்னபொண்ணு அத்தைக்கு,

உங்கள் தம்பி மணவாளனின் மகன் புகழ்வேந்தன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் நன்றாக இருக்கிறோம். அப்பா முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு எங்களோடுதான் இருக்கிறார். கோல் ஊன்றி நடக்கிறார். உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆனதாகக் கேள்விப்பட்டேன். இப்போது எழுத்து தெரிகிறதா?

போன வாரம் மூன்று முறை போன் செய்தேன். "மணவாளன் மகன்" என்றதும் வைத்துவிட்டீர்கள். நான்காம் முறை உங்கள் பேத்தி பிரியதர்ஷினி எடுத்தாள். "ஆயா போன்ல சொல்றத நம்பாது மாமா. நாளைக்கு மாத்திப் பேசுவாங்கன்னும். பேப்பர்ல எழுதுங்க, படிக்கும்" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் வேலங்குட்டை கழிவுநீர் நிலையத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள். போட்ட திட்டத்துக்குச் செலவு மிஞ்சிப் போய்விட்டது. எங்கள் கம்பெனியில் ஆறு பேர் உட்கார்ந்து அதைப் பார்க்கிறோம். ஒவ்வொரு பாகமாக எடுத்து, இதன் வேலை என்ன, இது இல்லாவிட்டால் அந்த வேலை நின்றுபோகுமா, அதே வேலையைக் குறைந்த செலவில் வேறு எதுவாவது செய்யுமா என்று கேட்போம். வேல்யூ இன்ஜினியரிங் என்பார்கள்.

தெற்கு மூலையில், கழிவுநீர்க் குளத்தின் கரையை ஒட்டி ஒரு செங்கல் தொட்டியும் அதில் மதகுக் கதவு போல ஓர் இரும்பு ஷட்டரும் இருக்கின்றன. எந்த வரைபடத்திலும் அது இல்லை. இப்போது அங்கே வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அரிகரன் மாமா அங்கே இருபத்திரண்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். உங்களிடம் சொல்லியிருப்பார். அது எதற்கு, அத்தை?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
புகழ்வேந்தன்


வேலங்குட்டை, பாகூர் வழி
24 ஜூன் 2025

மணவாளன் மகனுக்கு,

சின்னபொண்ணு எழுதுவது. எனக்குக் கண் நன்றாகவே தெரிகிறது. முட்டியும் இருக்கிற இடத்தில் இருக்கிறது, கோல் இல்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும்.

உன் கல்யாணப் பத்திரிகை எனக்குத் தபாலில் வந்தது. கூடப் பிறந்த அக்காளுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க ஒருத்தரும் வரவில்லை. உன் மாமா செத்த பதினோராம் வருஷம் இது. அன்றைக்கும் உன் அப்பன் வரவில்லை. தவளக்குப்பத்திலிருந்து, பாகூரிலிருந்து, ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ஜனம் எல்லாம் வந்தது. இதெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். சொல்லாததைச் சொல்லி வைக்கிறேன்.

நீ பார்க்கிற உத்தியோகம் எனக்கு விளங்கவில்லை. பைப்பையும் தொட்டியையும் பார்த்து "நீ இன்னா வேலை செய்யற?" என்று கேட்க ஆறு பேரா? அது வாய் திறந்து பதில் சொல்லாவிட்டால் இடித்துவிடுவீர்களா? இந்தக் கேள்வியை மனுஷனைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நினைத்தேன்.

ஷட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு,
சின்னபொண்ணு


ஐதராபாத்
5 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திட்டாகவே இருந்தாலும் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம். பத்திரிகையைத் தபாலில் அனுப்பியது தப்புதான். மன்னித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சௌக்கியம்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பெரிய அட்டவணை. ஒரு பக்கம் பொருளின் பெயர். எதிர்க் கட்டத்தில் அதன் வேலையை இரண்டே வார்த்தையில் எழுத வேண்டும். குளம்: கசடைப் படியவைக்கும். பம்பு: தண்ணீரை ஏற்றும். இரண்டு வார்த்தையில் எழுத முடியவில்லை என்றால் அந்தப் பொருளை நாங்களே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். தெற்கு மூலை ஷட்டருக்கு எதிரே வெற்றுக் கட்டமாகக் கிடந்தது.

போன வாரம் ஆபீசிலிருந்து பழைய கோப்பு ஒன்று வந்தது. அதில் மாமா 1997இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. "அந்தத் தொட்டி எனக்கு முன்பே கட்டப்பட்டது. ஷட்டர் துருப்பிடித்து அசையாது. அதனால் எந்த உபயோகமும் இல்லை. கரை தானாக உடைந்தது."

ஆபரேட்டரே சொன்ன பிறகு மேலே என்ன? கட்டத்தில் "வேலை இல்லை" என்று எழுதியிருக்கிறோம். தொட்டியைக் கான்கிரீட்டால் அடைத்து, அதன்மேல் இரண்டாவது ஜெனரேட்டருக்கு ரூம் கட்டுவதாக யோசனை. செப்டம்பர் முடிவில் அறிக்கை கொடுக்க வேண்டும். மாமா சொன்னது சரிதான் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

என்றும் உங்கள் மருமகன்,
புகழ்வேந்தன்


வேலங்குட்டை
19 ஜூலை 2025

புகழ்வேந்தனுக்கு,

இங்கே உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆடி பிறந்துவிட்டது, காற்று அடிக்கிறது. உன் மனைவிக்குத் தமிழ் தெரியுமா? பெயர்கூட நீ எழுதவில்லை.

உன் மாமா எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று உன் அட்டவணையில் ஒரு கட்டம் இருக்கிறதா? கரண்ட் போனால் யார் வேலை செய்வது என்று இருக்கிறதா? ஜெனரேட்டர் என்கிறாய். அந்த மூலை எவ்வளவு பள்ளம் என்று வந்து பார்த்தாயா, ஐதராபாத்திலிருந்தே பார்த்தாயா?

வேலை இல்லை என்றால் அடைத்துத்தான் ஆக வேண்டுமா? ஓர் ஓரமாகக் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாதா? வேலை இல்லாத எத்தனையோ இருக்கிறது ஊரில்.

சின்னபொண்ணு


ஐதராபாத்
28 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

என் மனைவி பெயர் அருள்மொழி. விருத்தாசலம். தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவாள்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. ஷட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிறீர்கள், மாமா சொன்னதே சரி என்கிறீர்கள். பிறகு மழையைப் பற்றியும் கரண்டைப் பற்றியும் கேட்கிறீர்கள். பயனில்லாத ஒன்றை ஏன் அடைக்கக் கூடாது? எங்கள் குழுவில் ஜெயசீலன் என்று ஒரு சீனியர். உங்கள் கேள்விகளை அவரிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்கு ஏதோ தெரியும்யா, கேளு" என்கிறார்.

அப்பாவிடம் கேட்டேன். "அவ சொல்ல மாட்டா. கற்பூரம் அணைச்சவடா அவ" என்றார். அன்று சாப்பிடவில்லை.

எனக்கு அப்போது ஐந்து வயது. ஊரை விட்டு ஒதியம்பட்டுக்கு வண்டியில் சாமான் ஏற்றியது மட்டும் ஞாபகம். ஏன் வந்தோம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. என்ன கற்பூரம், அத்தை?

புகழ்வேந்தன்


ஐதராபாத்
25 ஆகஸ்ட் 2025

அத்தைக்கு,

நான்கு வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்து பிரியதர்ஷினிக்குப் போன் செய்தேன். நன்றாக இருப்பதாகவும், தினமும் கழிவுநீர் நிலையத்துக் கம்பிவேலி வரைக்கும் நடந்துபோய் வருவதாகவும் சொன்னாள்.

அட்டவணையை முடிக்கிறோம். ஷட்டர் "வேலை இல்லை" பட்டியலில்தான் இருக்கிறது.

புகழ்வேந்தன்


வேலங்குட்டை
3 செப்டம்பர் 2025

தம்பியோடு பேச்சு இல்லாவிட்டால் என்ன, என் கையில் வளர்ந்த புகழ்வேந்தனுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு இல்லை.

1997ஆம் வருஷம், தீபாவளி முடிந்த நாலாம் நாள், திங்கட்கிழமை. பகல் பதினோரு மணி இருக்கும். மூன்று நாளாக மழை. கரண்ட் இல்லை. டீசல் எஞ்சின் தெற்கு மூலைப் பள்ளத்தில் இருந்தது, அது முதலில் முழுகிவிட்டது. பம்பு நின்றுபோனது. டவுனிலிருந்து வருகிற சாக்கடை நிற்குமா? குளம் நிரம்பி வடக்குக் கரை தளும்பிவிட்டது. வடக்கே என்ன இருக்கிறது என்று உன் அப்பனைக் கேள். பள்ளத்தெரு. நாற்பது வீடு. ரோசம்மாளுக்குப் பிள்ளை பிறந்து எட்டாம் நாள். அவள் வாசற்படியில் கறுப்புத் தண்ணீர் ஏறி நின்றதை மாமாவுக்குச் சோறு கொண்டுபோகிற வழியில் நானே பார்த்தேன்.

உன் மாமா கடப்பாரையைப் போட்டு ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஓர் ஆளுக்கு அசையவில்லை. சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு நானும் பிடித்தேன். தண்ணீர் தெற்கே திரும்பியது. தெற்கே உன் அப்பனுடைய கரும்பு. வெட்டுக்கு இரண்டு மாதம் இருந்தது. அத்தனையும் அழுகிப்போனது.

அந்தத் தொட்டி வரைபடத்தில் இருக்காது. முந்தின வருஷ மழையிலும் பள்ளத்தெருவில் சாக்கடை ஏறியது. மாமா மூன்று தடவை ஆபீசுக்கு எழுதினார். பதில் இல்லை. அவரும் கொத்தனார் சூசைநாதனும் உடைந்த செங்கல்லை வைத்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் கட்டியது அது. உத்தரவு கிடையாது. திறந்ததை ஒத்துக்கொண்டால் கட்டியதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வேலை போயிருக்கும். அதனால்தான் அப்படி எழுதிக் கொடுத்தார்.

உன் அப்பன் மனுக் கொடுத்தான். திரௌபதி அம்மன் கோயிலில் ஊர் கூடியது. "மாமா தெறந்தத நான் பார்த்தேன்" என்றான். மாமா தலையைக் குனிந்துகொண்டார். "பொண்டாட்டி கூட இருந்தாளாமே, அவ சத்தியம் பண்ணட்டும்" என்றார்கள். நான் கற்பூரத்தை ஏற்றி, கையால் அணைத்து, "கரை தானா ஒடஞ்சுது" என்றேன். பொய்ப் பழி போட்டதற்காக உன் அப்பனை மாமா காலில் விழ வைத்தார்கள். விழுந்தான். எழுந்தபோது என்னைப் பார்த்தான். தை மாதம் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டான்.

புருஷனைச் சபையில் நிறுத்தினான் என்று இருபத்தெட்டு வருஷம் அவனோடு பேசாமல் இருக்கிறேன். கோபத்தை விட்டால் அவன் வாசலில் போய் நிற்க வேண்டும். நின்று என்ன சொல்வது?

எல்லாவற்றுக்கும் என்ன வேலை என்று கேட்கிறாய். அந்தப் பொய்க்கும் வேலை இருந்தது. எங்களுக்குச் சோறு போட்டது. கூடப் பிறந்தவனை ஊரைவிட்டு அனுப்பியதும் அதுதான். இரண்டு வார்த்தையில் இதை எப்படி எழுதுவாய்? எனக்குப் பிடிபடவில்லை. தினமும் வேலிக்குப் போய் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நாங்கள் சொன்ன பொய் இப்போது பேப்பராக வந்து அதை அடைக்கப் போகிறது. ஐப்பசியில் மழை பெய்யும். பள்ளத்தெரு அங்கேயேதான் இருக்கிறது, வீடு இப்போது நூற்றுக்குமேல்.

இதை நீ எங்கே காட்ட வேண்டுமோ காட்டு.

சின்னபொண்ணு அத்தை


ஐதராபாத்
12 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அருள்மொழி சௌக்கியமாக இருக்கிறாள், உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நான் யாருக்காக வருத்தப்படுவது என்று தெரியாமல் இருக்கிறேன்.

கடிதத்தில் ஷட்டர் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் படியெடுத்து எங்கள் குழுவில் கொடுத்தேன். ஜெயசீலன் சார் படித்துவிட்டு, "கரண்ட் இல்லாம வேலை செய்யற ஒரே பாகத்தைத்தான்யா நாம வெட்டப் பார்த்தோம்" என்றார். ஆனால் நிலையத்துப் பொறியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. கோப்பில் ஆபரேட்டரின் கையெழுத்து இருக்கிறது, அதற்கு எதிராக ஒரு கடிதம் மட்டும் போதாது என்கிறார். 26ஆம் தேதி ஊர் மக்களை வைத்து அங்கேயே கூட்டம். எல்லோர் முன்னாலும் நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். முடியுமா? உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. நானும் வருகிறேன்.

அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை. காட்டாமலே விட்டுவிடட்டுமா?

புகழ்வேந்தன்


வேலங்குட்டை
17 செப்டம்பர் 2025

புகழ்வேந்தனுக்கு,

சுகம். முதலில் அவனிடம் காட்டு. ஷட்டர் பகுதி மட்டும் இல்லை, முழுக்கடிதம். ஊர் கேட்பதற்கு முன்னால் அவன் கேட்க வேண்டும். அவன் படித்துவிட்டான் என்று நீ போன் பண்ணு, இந்தத் தடவை எடுக்கிறேன். அதற்கப்புறம் கூட்டத்துக்கு வருகிறேன்.

அத்தை


வேலங்குட்டை
2 அக்டோபர் 2025

தம்பி மணவாளனுக்கு,

அக்கா சின்னபொண்ணு எழுதுவது. முட்டி எப்படி இருக்கிறது? நல்லெண்ணெய் தேய்க்காதே, ஆபரேஷன் பண்ணின இடம் ஆகாது என்று டாக்டர் சொல்வார். உன் மகன் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்திருப்பான். கூட்டத்தில் நடந்ததை அவன் சொல்லியிருப்பான். அவன் விட்டதை நான் சொல்கிறேன்.

பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஊர் பாதி, பள்ளத்தெரு முழுக்க வந்திருந்தது. பொறியாளர் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா" என்றார். என் வாயில் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டாள், "அரிகரன்னு எழுதிக்கோ சார், அது சாவற வரைக்கும் சொல்லாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் நான் சொன்னேன். நீ படித்ததுதான், ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஆண்டாள்தான் முதலில் திரும்பினாள்.

"அப்ப அம்மன் முன்னாடி கற்பூரம் அணைச்சியே, அது இன்னாடி?"

"பொய்டி."

"எவ்ளோ சுளுவா சொல்றா பாரு!"

"சுளுவா? இருவத்தெட்டு வருசம் ஆச்சுடி இத சொல்ல."

"அந்தப் பையன கால்ல வுழ வெச்சோமேடி!"

"வெச்சோம். நானும் நின்னு பார்த்தேன்."

அப்போது பின்னால் இருந்து ரோசம்மாள் எழுந்தாள். "எங்கள அன்னிக்கி யாரு கூப்ட்டாங்க? கோயில் கூட்டம்னு வாசல்லயே நிறுத்திட்டீங்க. கேட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்போமே. தண்ணி கட்டில் கால் வரைக்கும் ஏறிச்சு. அப்புறம் தெக்க இரும்பு தூக்கற சத்தம். அரை மணியில எறங்கிடிச்சு. அரிகரண்ணன் தூக்கினது எங்க தெருவுல கைக்கொழந்தைக்கும் தெரியும். அந்தக் கைக்கொழந்த தோ நிக்கறா, லில்லி, பாத்துக்கோங்க" என்றாள். அவளை யாராலும் உட்கார வைக்க முடியவில்லை. கேட்க ஒருத்தர் வேண்டும் என்று இத்தனை வருஷம் அவர்களும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது.

பொறியாளர் கோப்பை மூடினார். ஷட்டருக்கு எண்ணெய் விட்டு நாலு பேர் கடப்பாரை போட்டார்கள். அசைந்தது. உன் மகன் அங்கேயே நின்று கட்டத்தில் எழுதினதைக் காட்டினான்: தெருவைக் காக்கும். இரண்டு வார்த்தைதான். ஷட்டர் இருக்கும், இரண்டாவது ஜெனரேட்டர்தான் வேண்டாம் என்று அடித்துவிட்டார்களாம். நீ விற்ற நிலம் இப்போது தரிசு. அந்தப் பக்கம் தண்ணீர் நிற்க ஒரு குட்டை வெட்டுவார்களாம். கரும்பு இனி யாருடையதும் போகாது.

மணவாளா, நீ சொன்னது நிஜம். நீ பார்த்ததும் நிஜம். மாமா காலில் நீ விழுந்தாய். விழ வேண்டியவள் நான்.

ஆனாலும் அவர் சாவுக்கு நீ வராததை நான் மறக்கப் போவதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்து என்ன. வீட்டுக்கு வா.

அக்கா


ஐதராபாத்
21 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

மணவாளன் எழுதுவது. தீபாவளி நேற்று முடிந்தது. நல்லெண்ணெய் தேய்க்கவில்லை. முட்டி தேவலை. கடைசியாக எப்போது கடிதம் எழுதினேன் என்று ஞாபகம் இல்லை.

சாவுக்கு வராததை நீ மறக்க வேண்டாம்.

நீ எழுதின இரண்டு கடிதத்தையும் எத்தனை முறை படித்தேன் என்று புகழ் எண்ணிக்கொண்டிருக்கிறான். உன்மேல் எனக்கு இருப்பது கோபமா, போய்விட்டதா, ஒன்றும் தெரியவில்லை. வருகிறேன் என்றும் எழுத வரவில்லை, வரமாட்டேன் என்றும் எழுத வரவில்லை.

ஒன்று மட்டும் நான் யாரிடமும் சொல்லாதது. அன்றைக்கு நான் வந்தது வடக்கு வழியாக. பள்ளத்தெருவில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். மாமா எதற்காகத் திறக்கிறார் என்று தெரிந்தேதான் பார்த்துக்கொண்டு நின்றேன். மனுவில் ஷட்டரைத் திறந்தார் என்று எழுதினேன். எதற்காகத் திறந்தார் என்று எழுதவில்லை. கரும்பு போன ஆத்திரம். அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதியிருந்தால் அவர் பொய் சொல்லியிருக்க மாட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது. நீயும் கற்பூரத்தில் கை வைத்திருக்க மாட்டாய். தெரியவில்லை. வைத்திருப்பாயோ என்னவோ.

ஐப்பசி பிறந்து நாலு நாள் ஆகிறது. ஷட்டர் இருக்கட்டும், சரி. மழை பிடித்துக்கொண்டால் அதை யார் திறப்பது என்று புகழைக் கேட்டேன். அவன் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லையாம். நீ அந்தப் பொறியாளரிடம் போ. திறக்கிற ஆளின் பெயரை, திறக்கச் சொல்லி, பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கு. வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. இன்னொருத்தன் நல்லது செய்துவிட்டு அதை மறைக்க நிற்கக் கூடாது.

வாங்கினதும் எனக்கு எழுது.

தம்பி
மணவாளன்